உம்மாவுக்கு முடிந்தது, பிள்ளைக்கு?

ஹாஜறா ராத்தாவின் மரணச் செய்தி பிரசவ வார்டில்தான் என்னிடம் வந்தது. ஒரு கர்ப்பிணியின் கையில் பிரசர் பட்டியைச் சுற்றிக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தேன். "கல்முனைக்குடி மிட்வைப் ராத்தா சுபஹ் தொழுகையோட மௌத்தாப் போயிட்டாங்களாம்" என்றார் துணைக்கு வந்த பெண். பாதரசம் எங்கே நின்றதென்று பார்க்கத் தவறிவிட்டேன். முதலிலிருந்து மறுபடி அளந்தேன்.

நான் ஆஸ்பத்திரித் தாதி; அவர் வீடு வீடாகப் போகும் மருத்துவமாது. அவர் கேள்வி கேட்கத் தொடங்கினால் டொக்டர்மார் மணிக்கூட்டைப் பார்ப்பது இதை வாசிப்பவர்களில் அவரை அறிந்தவர்களுக்கு நினைவிருக்கும். சில நாள் அவரைக் கண்டதும் நானே மருந்தறைக்குள் ஒளிந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், நற்பிட்டிமுனையில் சுபைதா என்ற எட்டு மாதக் கர்ப்பிணியைப் பார்க்கப் போனார். முகம் வீங்கியிருந்தது. கண்ணுக்குள் மின்னுகிறது என்றாளாம். அவளுடைய சிறுநீரைக் குழாயில் எடுத்துச் சூடாக்கினார், வெள்ளையாகத் திரைந்தது; கர்ப்பகாலப் பிரசர் முற்றியதன் அடையாளம் அது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னதற்கு, அறுவடை முடியட்டும் என்றார் கணவர்.

"வெட்டு முடியிற வரைக்கும் இவட உசிரு நிக்குமா? இப்பவே ஏத்துங்க!"

நெல் ஏற்ற நின்ற டிராக்டர் பெட்டியில் அவளைக் கிடத்தித் தானும் ஏறி வந்தார்.

மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. மிகச் சின்னது. சில நாட்களில் சுபைதாவின் பிரசரும் இறங்கியது. பிரசர் வருத்தம் முடிந்தது என்றார் டொக்டர்.

"உம்மாக்கு முடிஞ்சிது டொக்டர். புள்ளைக்கு? பிரசரால இறுகின ரத்தக்குழாயாலதானே அதுக்கு ரத்தம் போயிரிக்கி. நெஞ்சுக்கு ஒண்டும் ஆகலையா?"

டொக்டர் தனக்குத் தெரியாது என்றார். பிறகு குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். துடிப்போடு காற்றுப் போவதுபோல ஒரு சத்தம். மாதம் நிறையாமல் முந்திப் பிறந்த பிள்ளைகளுக்கு இதயத்தருகே ஒரு ரத்தக்குழாய் மூடாமல் இருப்பதுண்டு, அநேகமாகத் தானாக மூடும், கவனித்துவர வேண்டும் என்றார்.

ராத்தா மாதாமாதம் போய்க் குழந்தையின் நெஞ்சைக் கேட்டார். "என்ட புள்ள தங்குமா ராத்தா?" என்று சுபைதா அழுதபோது, "பால் குடிக்கிறா, நிறை கூடுறா. நீ அதப் பாரு. சத்தத்த நான் பாத்துக்கிறன்" என்றாராம்.

நான்காம் மாதம் வார்டுக்கு வேகமாக வந்தார்.

"சத்தம் போயிட்டு தங்கச்சி! ஆனா அது ஏன் வந்த? பிரசராலயா, முந்திப் பொறந்ததாலயா?"

"புள்ள சுகமா இரிக்கி. அது போதாதா?"

"சுபைதாக்குப் போதும். எனக்குப் போதாது."

அதன்பின் பிரசர் இருந்த தாய்மாரின் பிள்ளைகளையும், பிரசர் இல்லாமல் முந்திப் பிறந்த பிள்ளைகளையும் தேடித்தேடிப் போய் நெஞ்சைக் கேட்டார். சண்டையால் பாதைகள் மூடிக்கிடந்த நாட்கள் தவிர மற்றெந்த நாளும் விடவில்லை. என்ன கண்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"கொஞ்சப் புள்ளைகள வெச்சி ஒண்டும் சொல்ல ஏலா. இதுகள் பெரிய ஆக்களானாப் பிரசர் வருதா எண்டு ஆராவது பாக்கணும்" என்றார். அந்தப் பதிலில் கவலையே இல்லை, ஆவல்தான் இருந்தது.

அவருக்கு விடை கிடைக்கவில்லை. எனக்கும் தெரியாது. அந்தக் கேள்வி மட்டும் இப்போது என்னிடம் இருக்கிறது. சென்ற கிழமை, பிரசர் இறங்கிய ஒரு தாய் வீட்டுக்குப் புறப்பட்டு நின்றாள். அவளை இருக்கச் சொல்லி, பிள்ளையின் நெஞ்சை ஒரு முழு நிமிடம் கேட்டேன். துடிப்பு தெளிவாகவே இருந்தது.

"அடுத்த மாசமும் கொண்டு வாங்க" என்றேன்.