மாமரத்துக்குத் தாகம் வேண்டும்

பனச்சமூட்டுக்குப் பக்கத்தில் பத்து மாமரம் வைத்திருக்கும் புஷ்பபாய்க்கு, மாமரத்தைப் பற்றிப் பேசுகிற எவர் மீதும் மதிப்புக் கிடையாது. அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் மரத்தை அண்ணாந்து பார்த்தே படித்தவள். விருச்சிகத்தோடு மழை விட வேண்டும். தனு, அதாவது மார்கழி, முழுக்க மரம் தாகத்தில் கிடக்க வேண்டும். விடியலில் குளிர் விழ வேண்டும். அப்போதுதான் பூக்கும். அந்த நேரம் தண்ணீர் கிடைத்த மரம் பூவை மறந்து தளிர் விடும். இவ்வளவுதான் விஷயம். இது தெரியாதவர்கள்தான் போனில் மேகத்தின் படத்தைக் காட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

மூன்று வருடமாகத் தனுவிலும் மழை பெய்தது. ஒரு பரணி நிறைய ஊறுகாய் போடக்கூடக் காய் இல்லை. மரங்களை வெட்டிவிட்டு ரம்புட்டான் வைக்கலாம் என்று மகன் சிபி ஆரம்பித்தான். கடைசியில் ஒரு தவணை பேசினார்கள்: மகரம் ஒன்றாம் தேதி வரை பார்ப்பது, அன்றைக்குப் பூக்காமல் நிற்கும் மரத்தை அறுப்பது. புஷ்பபாய் சம்மதித்தாள்.

இந்த வருடம் வானம் ஒழுங்காக நடந்துகொண்டது. விருச்சிகம் பாதியிலேயே மழை நின்றது. நடந்துகொள்ளாதவர் அவள் கணவர் ஞானசிகாமணி ஒருவர்தான். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று ஆட்களை முன்னே தள்ளியவர், இப்போது வாழையையும் அப்படித் தள்ளி ஓணத்துக்குள் குலை வெட்டப் பார்க்கிறார் என்பது அவள் எண்ணம். தாழே நிற்கும் மாமரங்களுக்கு ஊடே நாற்பது ஏத்தன் வாழை நட்டிருந்தார்.

"வாழை வாடுது கேட்டியா. ஒரு நேரம் வெள்ளம் கோரட்டா?"

"வாடட்டு. ஒங்க வாழைக்கு வாய் உண்டும்ணா அது நேரே எங்கிட்ட வந்து கேக்கட்டு."

"கண்ணில சோரையில்லாம, ஈவிரக்கமில்லாம பேசுதியே."

தனு இருபதில் அவள் மரங்களைச் சுற்றி வந்தாள். மேட்டில் பாறையோரம் நின்ற மூன்றில் பூங்கொத்து தலைகாட்டியிருந்தது. தாழே வாழைக்கு நடுவே நின்ற ஏழிலும் செம்பு நிறத்தில் தளிர். மண்வெட்டியால் ஒரு மரத்து மூட்டில் சாண் ஆழம் தோண்டினாள். ஈரமண் கையில் ஒட்டியது. மழை நின்று ஒரு மாதமாகிறது. ஞாயிறுதோறும் அவள் ஆராதனைக்குப் போகிற நேரம் வீட்டில் தங்கியவர் யாரென்று அவளுக்குத் தெரியும். அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால் சண்டை வரும். சண்டையில் அந்த மனுஷனுக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

மகரம் ஒன்றாம் தேதி சிபி பாறசாலையிலிருந்து மரம் அறுக்கிறவர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்தான்.

"மூணு பூத்திருக்கு, அது நிக்கட்டு. ஏழையும் எடுக்கலாம் இல்லியாம்மா?"

"பேசினது பேசினதாக்கும். எடு."

சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அடிமரத்தில் ஒட்டிய கம்பளிப்பூச்சியைப் பார்க்கிற பார்வை. அவர் ஒரு வாழையிலையைத் தடவிக்கொண்டு நின்றார். மெஷின் வாள் உறுமியது. அவளுடைய முந்தானை நுனி கைக்குள் முறுகிக் கயிறாகியிருந்தது.

"எலே, நிறுத்து," என்றார் ஞானசிகாமணி. "மரத்துக்க மேல குத்தம் இல்ல மக்கா. நானாக்கும் மோட்டர் போட்டது. மூணு ஞாயிறு. வாழைக்குத்தான் விட்டேன்."

சிபி அம்மாவிடம் திரும்பினான். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"மரத்துக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா?"

"பின்ன எதுக்கு அறுக்கச் சொன்னிய?"

"ஒங்கப்பா வாயைத் தெறக்குதாராண்ணு பாத்தேன்."

சிபி தலையில் அடித்துக்கொண்டு, இன்னும் ஒரு வருடம் என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பினான். புஷ்பபாய் மோட்டார் அறைக்குப் போய் பியூஸைப் பிடுங்கி வந்தாள்.

"அப்போ வாழைக்கு?" என்றார் கணவர்.

"குடத்தில கோருங்க. ஒரு வாழைக்கு ஒரு குடம். மாமூட்டில ஒரு சொட்டு விழுந்தா வாழையை நான் வெட்டுவேன். இனி மரம் காஞ்சு கெடந்தா அடுத்த மாசம் கும்பத்திலயாவது நாலு பூ வரும்."

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தார். நாற்பது நடை. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு அவள் மேட்டில் நின்றாள்.