வாழைப்பழத்துக்குள் வைத்த மாத்திரை

பிள்ளைகளா, உங்கள் அம்மா கடைசி வருஷத்தில் எதற்காகக் காத்திருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியாது. அப்போது சின்னப் பிள்ளைகள் நீங்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளில் நான் சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு சிறிய மருந்து ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். வீடு பக்கத்தில் பூன் லேயில். உங்கள் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். ஏற்றிய மருந்து கட்டியைக் கரைத்தது, கூடவே இதயத்தையும் கெடுத்தது. இனி ஏற்ற முடியாது என்று டாக்டர் நிறுத்திவிட்டார். எங்கள் கூடத்திலோ அதே மருந்தை லிப்போசோம் என்கிற கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து, இதயத்துக்குக் கெடுதல் குறையும்படி செய்துகொண்டிருந்தார்கள். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் நாள் வந்தால் அம்மாவுக்கும் கேட்டுப் பார்ப்பதாக அங்கே ஆய்வு செய்த தமிழ் முஸ்லிம் பெண்மணி சொல்லியிருந்தார்.

அதற்குள் வழக்கு வந்தது. எங்கள் முதலாளி கேட்ட காப்புரிமையை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எதிர்த்தது. இந்தத் தொழில் தெரிந்த யாருக்கும் தோன்றக்கூடியதுதான், இதில் புதிதாக ஒன்றுமில்லை என்றது. தீர்ப்பு வரட்டும் என்று முதலாளி வேலையை நிறுத்திவைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் அந்தப் பெண்மணியைப் பார்த்தோம். அம்மா கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"பழத்துக்குள்ள மாத்திரைய வச்சுத்தான் பிள்ளைங்களுக்குக் குடுக்கிறேன். எல்லா அம்மாவும் செய்றதுதானே லா? இதுக்குப் போயி கோர்ட்டா?" என்றாள் அம்மா.

அவர் சிரித்துவிட்டார். "அக்கா, நீங்க அந்தக் கம்பெனிக்கே வக்கீலாப் போயிடுங்க! உங்க பிள்ளைங்க பழத்தத் தின்னுட்டு மாத்திரையத் துப்புறாங்களா இல்லையா?"

"சின்னவன் துப்புவான்."

"அதான். துப்பாம உள்ள போயி, சரியான இடத்துல திறக்கணும். அதுக்குத்தான் இத்தன வருஷம் பாடுபட்டோம்."

தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. பணம் போட்டவர்கள் விலகிக்கொள்ள, கூடத்தை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்னு சொல்லிட்டாங்களா?"

"ஆமா."

"அப்ப எங்க கிடைக்கும்னு கேட்டீங்களா?"

நான் கேட்டிருக்கவில்லை. மறுநாள் முதல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கேட்டேன். எங்கும் இல்லை.

கடைசி வாரங்களில் அவளால் எதையும் சுலபமாக விழுங்க முடியவில்லை. அவள் உங்களுக்குச் செய்ததுபோலவே, பழத்துண்டுக்குள் வலி மாத்திரையை வைத்து ஊட்டினேன். மெல்ல மென்றாள். பிறகு என் கையை இழுத்து, உள்ளங்கையில் மாத்திரையைத் துப்பினாள்.

"பழம் நல்லா இனிக்குது" என்றாள்.

கட்டிலோரம் நின்ற சின்னவன் கைகொட்டிச் சிரித்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் சிரித்தேன்.