எனக்கா, தங்கைக்கா?

எனக்கு என்னென்ன வியாதி வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது அம்மாவின் வேலை என்றே இருந்துவிட்டேன். நான் படுத்துக்கொள்வேன், அவள் டாக்டரிடம் பேசுவாள். அம்மா போன மறு வருஷம், தறியைப் பழுது பார்க்க வந்த ஆசாரி விட்டுப்போன ஆணி என் குதிகாலில் ஏறிச் சீழ் வைத்தது. சின்ன காஞ்சிபுரத்து டாக்டர் முன்னால் உட்கார்ந்து நானே பதில் சொல்ல வேண்டி வந்தபோதுதான், என் உடம்பைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தைந்து வயது.

"டைபாய்டு வந்திருக்குதாம்மா?" என்று ஆரம்பித்தார்.

"வந்திருக்குது சார். கருட சேவைக்கு மூணு நாள் முன்னாடி."

"எந்த வருஷம்?"

அதுதான் தெரியவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கோளாறு உண்டு. கருட சேவை, தேர், தெப்பம் என்று நாளைத் துல்லியமாகச் சொல்வோம். பெருமாள் வருஷா வருஷம் கருடன்மேல் ஏறிக்கொண்டு வந்துவிடுகிறார், நாங்கள் என்ன செய்வது? டாக்டர் வெளியூர்க்காரர். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"சரி, பென்சிலின் ஊசி எப்பவாவது ஒத்துக்காம போயிருக்குதா?"

"எங்க வீட்ல ஒரு வாட்டி அப்படி ஆயிருக்குது சார். மூஞ்சி வீங்கி, கண்ணு மூடிக்கினு, மூச்சு வாங்கி, பொழைச்சதே பெரிசு."

"யாருக்கு?"

"தங்கச்சிக்கு."

சொன்ன பிறகு லேசாகச் சந்தேகம் வந்தது. எனக்கும் அவளுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். அம்மா அந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறாள், ஆனால் இரண்டு பேரையுமே 'குட்டி' என்றுதான் கூப்பிடுவாள். "குட்டிக்கு ஊசி போட்ட அன்னிக்கி" என்றால் எந்தக் குட்டி? இருந்தாலும் என்னிடம் சாட்சி இருந்தது. அது நடந்தது ஒரு கருட சேவை அன்று. அந்தச் சேவையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காற்றில் பெரிய குடை சாய்ந்ததும், அதைப் பிடித்திருந்தவர் கால் தரையில் படாமல் காம்போடு தொங்கியதும் அப்படியே கண்முன் நிற்கிறது. பாயில் கிடந்தவள் அதை எப்படிப் பார்த்திருக்க முடியும்? இதை டாக்டருக்கு விளக்கமாகச் சொன்னேன், கொஞ்சம் நடித்தும் காட்டினேன்.

கம்பவுண்டர் அதற்குள் ஊசியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டிருந்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "தப்பா இருந்தா உயிருக்கே ஆபத்தும்மா. கூட யார் வந்திருக்காங்க?"

ஐயம்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட தங்கைதான் பஸ் ஏறி வந்து என்னை அழைத்துவந்திருந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யாரிடமோ ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தாள். "அவளுக்கு நேத்து வெச்ச கொழம்பே ஞாபகம் இருக்காது சார்" என்றேன். அவர் கேட்காமல் கூப்பிட்டுவிட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. "அக்காவுக்குத்தான் சார் ஒத்துக்கல. போட்டுடாதீங்க."

"நான் அன்னிக்கி கருட சேவை பார்த்தேன்டி."

"நீ எங்க பார்த்தே? கண்ணே தொறக்க முடியாம கெடந்தே. நான்தான் அப்பாகூட போய்ப் பார்த்துட்டு வந்து உன் காதுல சொன்னேன்."

"குடையில ஒருத்தரு தொங்கினாரே?"

"யாரும் தொங்கல. நீ அழுதுக்கினே இருந்தே. சிரிக்கட்டுமேன்னு நானா சேத்துச் சொன்னேன்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த மனிதரைப் பதினைந்து வருஷமாக ஊரெல்லாம் தொங்கவிட்டிருக்கிறேன். என் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அவர்தான் தொங்குவார். அப்புறம்தான் தண்ணீர் கொதிக்கிற சத்தம் காதில் விழுந்தது. இவள் கூட வராமல் இருந்திருந்தால், அந்தப் பொய்யை நம்பி நானே ஊசியைப் போட்டுக்கொண்டிருப்பேன். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை.

டாக்டர் அடுப்பை அணைக்கச் சொன்னார். என் சீட்டில் சிவப்பு மையால் பெரிதாக எழுதி, வேறு மாத்திரை கொடுத்தார். பிறகு தங்கையைப் பார்த்து, "உனக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதாம்மா?" என்று கேட்டார்.

அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சல்பா மாத்திரை ஆவாது சார், உடம்பெல்லாம் தடிச்சிடும்" என்றேன். "ஆறு வயசுல காமாலை. எட்டு வயசுல தட்டம்மை. பத்து வயசுல மாடிப்படியில விழுந்து எடது கை பிசகிச்சு. மழை வந்தா இன்னும் வலிக்கும், யார்கிட்டயும் சொல்லமாட்டா. மொதல் பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சு. இப்பவும் ரெண்டு மாடி சேர்ந்தாப்ல ஏறினா தலை சுத்துது அவளுக்கு."

என்னைப் பற்றிக் கேட்டால் ஒரு பதிலும் தெரியாதவள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். டாக்டர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டே வந்தார்.

தங்கை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் எனக்கா வந்துது?" என்றாள்.