பகல் வேளைக் குளிசை

ஒரு கோப்பை கஞ்சி, ஒரு கிளாஸ் தண்ணீர், பக்கத்தில் ஒரு மருந்துக் குளிசை. நோன்பு மாதத்து நடுப்பகலில், மருதமுனையில் என் சின்னம்மா முறையான சாச்சியின் வீட்டு முன்மண்டபத்து மேசையில், ஒளிவு மறைவில்லாமல் இருந்தன. எனக்கே திக்கென்றது. ஊர்ப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர் சாச்சி.

முந்தைய வருசமும் அவருக்கு இருமல் வந்தது. மஞ்சள் சளி, வாரக்கணக்கில் விடவில்லை. அன்டிபயோட்டிக் கேட்டுப் போனபோது டொக்டர் சோதித்துவிட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, இது வைரஸ், தானாகப் போகும், சளியின் நிறத்துக்கெல்லாம் மருந்து எழுத மாட்டேன் என்று அனுப்பிவிட்டார். தெருவே டொக்டரை ஏசியது. இருமல் தானாகத்தான் போனது. இந்த முறை அப்படியில்லை. காய்ச்சல் கொதித்தது, கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. எக்ஸ்ரே பார்த்த அதே டொக்டர் நியூமோனியா என்றார். எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு குளிசை, ஒரு வேளையும் தவறக் கூடாது, தவறினால் ஆஸ்பத்திரி வாட்டில்தான் படுக்க வேண்டிவரும் என்றார்.

எங்கள் ஊரில் இதற்கொரு குறுக்குவழி உண்டு. விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒன்று, அந்தியில் நோன்பு திறந்ததும் ஒன்று, பகல் குளிசை குப்பைக்கு. டொக்டரிடம் யாரும் கேட்பதில்லை. சாச்சியின் கணவருடைய மூத்த ராத்தா, எனக்கு மாமி, அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் வந்தார். மேசையைக் கண்டதும் முகம் கறுத்தது. ஓதிக் கொடுக்கிற வீட்டில் இப்படியென்றால் யார் பிள்ளையை அனுப்புவார், குசினிக்குள் போயாவது குடிக்கலாமே என்றார்.

சாச்சி இருமி முடித்தார். "நோயாளிக்கு அல்லாஹ் விட்டுத் தந்தத நீங்க ஏன் மதினி புடிச்சி வெச்சிரிக்கீங்க? நான் ஒளிச்சிக் குடிச்சா, நாளைக்கி இன்னொருத்தி வெக்கத்துல குடிக்காமலே கிடப்பா." சொல்லிவிட்டு, மாமி பார்க்கப் பார்க்கக் குளிசையை விழுங்கினார்.

அந்தப் பேச்சை வைத்துத்தான் இன்றைக்கும் நான் சண்டைக்குப் போகிறேன். வெறும் இருமலுக்குப் பாமசியில் நாலு கெப்சூல் கேட்பவரோடும் சண்டை, நியூமோனியாவுக்கு எழுதித் தந்ததை அரைகுறையாகக் குடிப்பவரோடும் சண்டை. வாய்க்காரி என்கிறார்கள். ஓம், அப்படியே இருக்கட்டும்.

அந்த வாரம் ஓத வந்த பிள்ளைகள் குறைந்தது உண்மை. சாச்சி ஒருவரையும் கூப்பிடப் போகவில்லை. பெருநாள் கழிந்து, உடம்பு நன்றாகத் தேறியபின், விட்ட நோன்புகளைத் தனியாகப் பிடித்தார். அப்படியொரு பகலில் மாமி வட்டிலப்பத்தோடு வந்து, சாப்பிடச் சொல்லித் தட்டை நீட்டினார். சாச்சி அதை அவர் பக்கமே தள்ளினார்.

"நான் நோன்பு, மதினி. நீங்க தின்னுங்க."