முள்ளைத் தாண்டி வந்தவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், மாசி மாதம். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில், ராசிபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இது நடந்தது. என்னோடு என் மனைவி இருந்தாள்; நிறைமாதம். எங்களுக்குப் பின்னால் பிளேக் இருந்தது.

பின்னால் என்றா சொன்னேன்? அது கூடவே வருகிறதா, என் வேட்டி மடிப்பில் இருக்கிறதா, அவள் கட்டியிருந்த துணி மூட்டைக்குள் இருக்கிறதா என்று தெரியாமல்தான் நடந்துகொண்டிருந்தோம்.

பிளேக் வந்த ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் எலி விழும். கூரையிலிருந்து இறங்கி, கள் குடித்தவன்போல் தள்ளாடி, நடுவீட்டில் விழுந்து சாகும். எலி விழுந்த வீட்டை விட்டுவிட வேண்டும். ஓட்டைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டுவிட்டு, ஜனங்கள் வயல்வெளியில் ஓலைக் குடிசை போட்டுக் கிடப்பார்கள். எங்கள் தெருவில் தறிச்சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றுகொண்டே வந்தது. காதுக்குப் பழகிய ஒரு சத்தம் நிற்பது எவ்வளவு பெரிய சத்தம்! அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்துப் பிழைத்தவன் நான். வேலைக்குப் போகிறவர்கள் போக, போகாதவர்கள் யார் யார் என்று யாரும் கேட்காத நாட்கள் அவை. ஒரு காலையில் எங்கள் அடுப்பங்கரையிலும் ஓர் எலி விழுந்தது. மோகனூர்ப் பக்கம் அவளுடைய தாய்வீடு. அங்கே போய்விடலாம் என்று ஒரு மாட்டுவண்டி பிடித்தேன்.

ராசிபுரம் தாண்டியதும் வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல ஓட்டினா என்னையும் சேத்து அடிப்பாங்க சாமி" என்றார். பொய் இல்லை. வழியில் ஒவ்வோர் ஊர் முகப்பிலும் முள்ளை வெட்டிப் போட்டு, கழியோடு ஆட்கள் நின்றார்கள். சேலத்து ஆள் என்றால் அப்படியே திரும்ப வேண்டியதுதான். ஓரூரில் மட்டும் ஒருவர் தொலைவில் ஒரு கலயத்தில் தண்ணீர் வைத்துவிட்டு ஓடிப்போனார். குடித்துவிட்டு நடந்தோம். வெயில் ஏறியது. அவள் இடுப்பில் கை வைத்து நிற்கும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. நான் அதைப் பார்க்காததுபோல் நடந்தேன்.

அப்போதுதான் பனைமரங்களுக்கு நடுவே ஓட்டுக் கூரையின் மேல் ஒரு சிலுவை தெரிந்தது.

எனக்குக் கால் புதிதாக முளைத்தது. நம்ம ஜனம்! நம்ம கோயில்! கழுத்தில் கிடந்த ஜெபமாலையை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு விரைந்தேன். அந்த ஊர் முகப்பிலும் முள் கிடந்தது, மற்ற ஊர்களைவிட உயரமாக. முள்ளுக்குப் பின்னால் நெட்டையாக ஒருவர், கையில் கழி. ஜெபமாலையை உயர்த்திக் காட்டி, "நாங்களும் வேதக்காரங்கதாங்க" என்றேன்.

"ரொம்ப நல்லதுங்க" என்றார் அவர். "ஆனா எலி பூசைக்கு வந்ததில்லீங்களே. அதுக்கு யாரு வேதக்காரங்கன்னு தெரியாதுங்க."

அதற்குள் ஊர் கூடிவிட்டது. அங்கே குடியிருக்கும் சாமியார் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைப்பாராம். மற்ற நாட்களில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது எல்லாம் உபதேசியார்தான். அவர் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு முன்னே வந்தார். "உங்க ஊட்டுல எலி உழுந்துச்சுங்களா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ, இன்றும் தெரியாது. அதற்கு முன் என் மனைவி சொல்லிவிட்டாள்: "விழுந்துச்சுங்க."

கூட்டம் ஒரே உடம்பாகப் பின்வாங்கியது. தாய்மார்கள் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். இவள் அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். பற்களுக்கிடையில் ஒரு முனகல். வலி எடுத்துவிட்டது.

உபதேசியார் கண் கலங்கியது. ஏரிக்கரைக்கு அப்பால் கைகாட்டினார். கல்லறைத் தோட்டத்தில் ஒரு கொட்டகை இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்ளுங்கள், கஞ்சியும் தண்ணீரும் முள்ளோரம் வைக்கிறோம் என்றார். "உள்ளார எல்லாம் கைக்குழந்தைங்களா இருக்குதுங்க" என்று அவர் சொன்னபோது, மன்னிப்புக் கேட்பது அவரா நானா என்று எனக்கே குழம்பியது.

"பேறு பார்க்க யாராச்சும்..." என்று இழுத்தேன். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அந்த நிமிஷம் எனக்கு வந்த பயம் பிளேக்கைப் பற்றியது அல்ல. என் இரண்டு கைகளைப் பற்றியது. தலைகீழான எழுத்துகளைப் பொறுக்கத் தெரிந்த கைகள். ஓர் உயிரை ஏந்தத் தெரியாதவை.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கட்டையான உருவம், முழங்கை வரை சாணி. அங்கிருந்த பானைத் தண்ணீரில் கையைக் கழுவினாள். இடுப்பிலிருந்த குழந்தையைப் பக்கத்தில் நின்ற தன் மூத்த மகளிடம் கொடுத்தாள். முள்ளை நோக்கி நடந்தாள். கழியோடு நின்ற நெட்டை மனிதர் போட்ட கூச்சலிலிருந்து அவர் அவளுடைய புருஷன் என்று தெரிந்தது.

"ஏ புள்ள, எங்க போற?"

"அந்தப் புள்ளைக்கு வலி எடுத்துருச்சு. கண்ணு தெரியலீங்களா?"

"போனா திரும்ப முடியாது. ஊர்க்கட்டு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். நானே உன்னை உள்ள உடமாட்டேன்!"

"உடாதீங்க. பத்து நாளு நீங்களே கஞ்சி காய்ச்சிப் புள்ளைங்களுக்குத் தலை சீவி உடுங்க. அப்பத் தெரியும்."

அந்தப் பயத்துக்கு நடுவிலும் யாரோ சிரித்தார்கள். முள்ளை விலக்க அவள் காத்திருக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி இறங்கினாள். இடது கையில் முள் நீளமாகக் கிழித்தது. அதைப் பார்க்காமலே வந்து, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவியின் தோளில் கை வைத்தாள். தொட்டாயிற்று. இனி அவளும் நாங்கள்தான்.

"எந்திரி அம்மணி. நடந்தா நல்லதுதான், சீக்கிரம் எறங்கும்."

கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு பொருள்: சவப்பெட்டி. ஏழைகளின் ஊர்களில் அப்படித்தான். ஊருக்கே பொதுவாக ஒரு பெட்டி. பிணத்தை அதில் வைத்துத் தூக்கி வந்து, பாயோடு குழியில் இறக்கிவிட்டு, பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். தரையில் படுக்க வழியில்லை. அந்தப் பெண் காலால் ஒரு கல்லைப் புரட்டினாள். கொடுக்கைத் தூக்கியபடி ஒரு தேள் நகர்ந்தது. பெட்டியின் மூடியை எடுத்து நாலு கல்லின் மேல் வைத்து, தன் மேல்துணியை விரித்தாள்.

என் மனைவி என் கையைப் பிறாண்டினாள். "வேண்டாம், அதுல வேண்டாம்!"

"பயப்படாத கண்ணு. இதுல வந்தவங்க யாரும் இதுலயே தங்கினதில்ல. எறக்கி உட்டுட்டு வெறும் பெட்டியாத்தான் திரும்புது."

என் மனைவி ஒரே மூச்சில் சிரித்தாள், அலறினாள். சாய்ந்த வெயில் எதிரே கொல்லிமலை மேல் சிவப்பதற்குள் பெண்குழந்தை பிறந்துவிட்டது.

இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது பெத்லகேமை இழுப்பார்கள். எனக்கு அந்த ஞாபகமே வரவில்லை. தேவதூதர் பாடியதாகவும் தெரியவில்லை. குழந்தை அழுதது, பனையோலை சலசலத்தது, எனக்கு உதறிக்கொண்டிருந்தது. பிறந்த உயிரைப் பார்த்து, இதற்குள்ளும் அது இருக்குமா என்று நினைத்தவன் நான்.

பிறகு காத்திருப்பு. பிளேக் வந்தால் காய்ச்சல் அடிக்கும், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும், அதோடு முடிந்தது. காலையில் கண் விழித்ததும் அவள் என் மனைவியின் அக்குளைத் தடவிப் பார்ப்பாள். எட்டி நின்று என்னையும் அதட்டுவாள்: "நீங்களும் பாத்துக்குங்க. வெக்கப்பட்டுட்டு நிக்காதீங்க." ஒவ்வொரு காலையும் என் விரல்கள் என் உடம்புக்குள்ளேயே திருடனைத் தேடின.

உச்சிப்பொழுதில் அவளுடைய புருஷன் முள்ளோரம் கஞ்சிக் கலயத்தை வைத்துவிட்டு, தள்ளிப்போய் நின்று விசாரிப்பார். மகளின் இடுப்பிலிருந்து அவளுடைய கைக்குழந்தை அம்மாவைப் பார்த்துக் கைநீட்டிக் கத்தும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அங்க பாரு சாமி, காக்கா பாரு" என்பாள். அங்கே காக்கை எதுவும் இருக்காது.

சாயங்கால ஜெபத்தை உபதேசியார் கோயிலிலிருந்து முள்ளோரத்துக்கு மாற்றிவிட்டார். ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம் அல்லவா, ஊரே வந்து முழந்தாளிடும். மன்றாட்டின் முதல் பாதியை அவர்கள் உள்ளிருந்து சொல்லிவிட்டு நிறுத்துவார்கள். மறுபாதியை வெளியே இருக்கும் நாங்கள் சொல்ல வேண்டும். எங்கள் குரல் வரும்வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். அந்த அமைதியில் நான் கேட்டது அவர்களுடைய பயத்தையும்தான்.

மூன்றாம் நாள் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. மறைத்துவிடலாமே என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அந்தப் பெண் முள்ளோரம் போய் உரக்கச் சொன்னாள்: "காச்சல். சுக்கும் வெல்லமும் வேணும்." கூட்டம் கலைந்தது. ஆனால் சுக்கு வந்தது. அதை அவள் கல்லில் தட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன், உங்களுக்குப் பயமே இல்லீங்களா என்று.

"பயமில்லாமயா? ராத்திரியெல்லாம் கண்ணு மூடலீங்க. அதுக்காவ அம்மணிக்குக் காச்சல் நிக்குமா?"

அது பால்கட்டுக் காய்ச்சல்தான். குழந்தை நன்றாகக் குடிக்கத் தொடங்கியதும் இறங்கிவிட்டது. நான் வானத்தைப் பார்த்து மூச்சுவிட்டேன். கண்ணைத் தாழ்த்தினால், அந்தப் பெண் தன் இடது அக்குளை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் குழந்தையைத் தொடவில்லை. தோட்டத்தின் கோடியில் ஒரு பனையடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் நெருங்கியபோது கையை நீட்டித் தடுத்தாள். "கிட்ட வராதீங்க. நெறி கட்டியிருக்குதுங்க."

அந்த ஒரு வார்த்தையில் வெயில் அணைந்துபோனது எனக்கு. சிலுவைகள் நட்ட மண்மேடுகள் எல்லாம் ஒன்று இன்னொன்றுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்காருவதுபோல் தெரிந்தது. நாங்கள் கொண்டுவந்ததுதான். எங்களுக்காக வந்தவளுக்குக் கொடுத்துவிட்டோம்.

உச்சியில் புருஷன் வந்தார். வழக்கமாக எழுந்து வருகிறவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கேட்டார். என் அக்குளைத் தொட்டு அவளைக் காட்டினேன். அவர் கலயத்தை வைத்தார். கழியையும் கீழே போட்டார். நீளக் காலை எடுத்து முள்ளைத் தாண்டினார்.

"வராதீங்க! புள்ளைங்களை யாரு பாக்கறது!" என்று கத்தியபடி அவள் மண்ணை வாரி வாரி அவர்மேல் எறிந்தாள். தலையெல்லாம் மண்ணோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "காவலாம் காவலு" என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதார். மூத்த மகள் முள்ளுக்கு அந்தப் பக்கம் தம்பியை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

என் மனைவி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு மெதுவாக அவர்களிடம் நடந்தாள். அந்தப் பெண் முந்தானையால் மூடிவைத்திருந்த கையை வலுக்கட்டாயமாக இழுத்து வெயிலில் பிடித்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து வீங்கியிருந்தது, அன்றைக்கு முள் கிழித்த இடம்.

"அக்கா, உள்ள ஏதோ ஒடிஞ்சு நிக்குது."

இரண்டு நகங்களுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். சீழ் வந்தது. சீழோடு கறுப்பாக ஒரு முள்முனையும் வந்தது. கையில் புண் இருந்தால் அக்குளில் நெறி கட்டும்; அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இது அந்த நெறியா, அந்த மற்ற நெறியா? யாரால் சொல்ல முடியும்? மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவளுடைய புருஷன்தான் சொன்னார்: "ஊருக்குக் காவலே இல்லாம போச்சு. இப்ப எலியே கழி எடுத்துட்டு வந்தாலும் கேக்க நாதியில்ல."

ஒரு நாள் போனது. இன்னொரு நாளும் போனது. அடுத்த காலையில் அவள் எழுந்து முள்ளோரம் போய், இடது கையை முழுக்க மேலே தூக்கி, இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் போட்ட கூச்சலில் பனையிலிருந்த பறவைகள் எல்லாம் எழும்பின.

பத்து நாள் கெடு முடிந்ததும் உபதேசியாரே வந்து முள்ளை இழுத்து ஒதுக்கினார். கோயிலுக்குள் எங்களைக் கூட்டிப்போய் முன்னால் உட்காரவைத்தார்கள். ஞானஸ்நானத்தில் எங்கள் மகளுக்கு ஞானத்தாயாக நின்றது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முள் போட்டவர்களை நான் இன்றுவரை குறை சொன்னதில்லை. கைக்குழந்தை இருந்த எந்த வீட்டிலும் நானும் அதையே செய்திருப்பேன். உள்ளே விட முடியாத இடத்தில் வெளியே வந்து நிற்க ஒரு வழி இருக்கிறது என்பதுதான் அதுவரை எனக்குத் தெரியாது. யுத்தகாலத்தில் பர்மாவிலிருந்து கால்நடையாக வந்தவர்கள் காய்ச்சலோடு எங்கள் தெருமுனையில் உட்கார்ந்தபோது, எனக்கு முதலில் வந்தது பழைய அதே நடுக்கம்தான், கதவைச் சாத்தச் சொன்ன நடுக்கம். நடுக்கம் தீரட்டும், பிறகு இறங்கலாம் என்று காத்திருந்தால் எந்த நாளும் இறங்க மாட்டோம். அதனால் கைகால் உதற உதறவே வாசற்படி இறங்கினேன், இன்றைக்கும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் இறங்குகிறேன்.