முட்காட்டுக்குள் கேட்ட குரல்

ஹனோரா குவர்க்குக்கு அப்போது வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை. அயர்லாந்தின் டிப்பரரியில் எங்கள் ஊருக்கு மேற்கே முப்பது ஏக்கர் நிலம், பதினோரு பசு, சாம்பல் நிறத்தில் ஒரு பெண்குதிரை, இவ்வளவுதான் அவள் சொத்து. வாரநாட்களில் அந்தக் குதிரை பால் வண்டி இழுக்கும். நரிவேட்டை நாளில், பெரிய வீட்டுக் குதிரைகள் முரண்டு பிடித்து நிற்கிற மண்கரைகளை அதே குதிரை முக்காமல் முனகாமல் தாண்டும். "பால் வண்டி வருது, வழி விடுங்கப்பா" என்று சிவப்புக் கோட்டுக் கனவான்கள் கேலி செய்வார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களில் இரண்டு பேராவது பள்ளத்துச் சேற்றில் கிடப்பார்கள். ஹனோரா கரைமேல் நின்று, "ஐயாவுக்கு எவ்வளவு பால்?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அவள் நிலத்தின் கோடியில் ஒரு குன்று. குன்று முழுக்க மஞ்சள் பூப் பூக்கும் முட்காடு. ஆள் நுழைய முடியாது, நாய் நுழையும், நரி குடியிருக்கும். நவம்பர் முதல் தேதி பெருவேட்டை தொடங்கும்போது முதல் நரியை அங்கேதான் கிளப்புவார்கள். அவள் தாத்தா காலத்தில் அது டெலமியர் குடும்பத்து நிலம். இப்போது பத்திரத்தில் இருப்பது குவர்க் என்ற பேர். வேட்டைக் குழுவின் தலைவர் மேஜர் டெலமியர் இதை அடிக்கடி மறந்துபோவார். ஹனோரா மறந்ததே இல்லை.

வேட்டைநாய்க் குட்டிகளைப் பால் மறந்ததும் ஒரு வருஷம் பண்ணை வீடுகளில் விட்டு வளர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். 1953இல் கிரேஸ் என்ற நாய் போட்ட குட்டிகளில் கார்லண்ட் என்ற குட்டியை மேஜரின் மனைவி சிசிலி டெலமியர் வளர்த்தாள். ஜிப்ஸி என்ற குட்டி ஹனோராவிடம் வந்தது. இரண்டும் வெள்ளை உடம்பு, பழுப்புக் காது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால்கூடப் பத்தடிக்கு அப்பால் அடையாளம் தெரியாது. ஜிப்ஸி ஹனோராவின் காலணியைத் தின்றது, வெண்ணெயைத் தின்றது, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியையும் தின்றது. வசந்தத்தில் நாய்க்கொட்டடிக்குத் திருப்பி அனுப்பிய அன்று அவள் மாடு கறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கறந்தார். அழுதாயா என்று கேட்டவரிடம், "ஜலதோஷம்" என்றாள்.

அந்த வருஷமே செப்டம்பரில், வழக்கம்போல, இளம் நாய்களுக்குப் பயிற்சி ஆரம்பித்தது. விடியற்காலை மூடுபனி, அறுத்த வயல், பெரிய ஓட்டம் கிடையாது. நாய்களைக் காட்டுக்குள் விட்டு, குதிரைக்காரர்கள் சுற்றி நின்று காது கொடுத்துக் கேட்பார்கள். உள்ளே எது என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் குரல்தான். மோப்பம் கிடைத்த நாய் குரல் கொடுக்க வேண்டும், மற்றவை அதை நம்பிச் சேர வேண்டும். வாய் திறக்காமல் தனியாக ஓடும் நாய் ஊமை நாய். அது கூட்டத்தை ஏமாற்றிவிட்டு நரியோடு போய்விடும். ஊமை நாயை நவம்பருக்கு முன் சுட்டுவிடுவார்கள். இதில் மேல்முறையீடு கிடையாது.

முதல் காலையில் முட்காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் எழும்பியது. உயரமான, தெளிவான குரல், முடிவில் விக்கல் மாதிரி ஒரு வெட்டு. கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சற்று நேரத்தில் புதரைப் பிளந்துகொண்டு முதலில் வெளியே வந்தது கார்லண்ட். "பார்த்தாயா சிசிலி, உன் பெண்!" என்றார் மேஜர். அத்தோடு முடிந்தது. அதன்பிறகு அந்தக் குரல் எப்போது கேட்டாலும் அது கார்லண்டின் குரல் ஆகிவிட்டது. இரண்டு மாதம் ஊரே அதைப் புகழ்ந்தது. ஜிப்ஸியின் குரலைக் கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

ஹனோராவுக்கு முதல் காலையிலேயே தெரியும். ஒரு வருஷம் வைக்கோல் போரில் எலி கண்ட போதெல்லாம் அந்த விக்கல்தான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. சொல்லவும் செய்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரிய வீட்டுச் சீமாட்டி மேல் பொறாமை என்று ஒருவன் முணுமுணுத்தான். அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் கடைசியில் அவள் வீட்டில் ஒரு கன்று செத்துப்போனது. நாய்களுக்குத் தீனியாக எடுத்துப்போக மலக்கி டீஹன் வண்டியோடு வந்தான். நாய்களை நடத்துகிறவன், கொம்பு ஊதுகிறவன், ஹனோராவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். கன்றை ஏற்றிய பிறகும் அவன் கிளம்பவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றான்.

"என்னடா, டீ வேணுமா?"

"டீ வேணாம். ஹனோரா... ஜிப்ஸி விஷயம். மேஜர் பட்டியல் குடுத்துட்டாரு. சனிக்கிழமைக்குள்ள முடிச்சிடணுமாம்."

"எதுக்கு?"

"ஊமையாம்."

ஹனோரா வாளியைக் கீழே வைத்தாள்.

"மலக்கி, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அந்தக் குரல் யாருது?"

அவன் கன்றைப் பார்த்தான்.

"இருபது வருஷமா நாய்ங்களோடயே கெடக்குற. உனக்குத் தெரியாதா?"

"தெரியுதோ தெரியலயோ... மேஜர் கார்லண்டுன்னாரு. சிசிலி அம்மா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். நான் போயி இல்லைங்கவா? கொட்டடிக்குப் பின்னாடி நாங்க இருக்குற வீடு அவங்களது ஹனோரா. நாலு பிள்ளைங்க எனக்கு."

"அப்ப தெரிஞ்சேதான் சுடப் போற."

"தெரியும்னு நான் சொல்லலயே!"

"தூ" என்றாள். வேறெதுவும் சொல்லாமல் குதிரைக்குச் சேணம் பூட்டினாள்.

மேஜர் டெலமியர் கெட்டவர் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். நேர்மையானவர், நாய்களை நேசித்தவர். தான் ஒருமுறை சொன்னதை மறுமுறை யோசிப்பது மட்டும் அவர் பரம்பரையிலேயே இல்லை. கொட்டடி வாசலில் அவளைப் பார்த்ததும் சிரித்த முகமாகத்தான் பேசினார்.

"பாவமாத்தான் இருக்கு, மிஸ் குவர்க். நாய வளர்த்த எல்லாருக்கும் அது பாடறதாத்தான் கேக்கும்."

"ஒரு காலைல கார்லண்ட வெளிய நிறுத்திட்டு ஜிப்ஸிய உள்ள விடுங்க. கேப்போம். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

"என் மனைவியோட நாயச் சந்தேகப்படச் சொல்றீங்க."

"உங்க காதச் சந்தேகப்படச் சொல்றேன்."

மேஜரின் சிரிப்பு நின்றது. "இது வேட்டைக் குழு முடிவு. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

"போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஜிப்ஸி மேல குண்டு பாஞ்சா என் குன்று உங்களுக்குக் கெடையாது. நாயும் வரக்கூடாது, குதிரையும் வரக்கூடாது. நவம்பர் ஒண்ணுக்கு மட்டும் சொல்லல, நான் சாகற வரைக்கும்."

அதன்பிறகு ஐந்து நாள் ஊர் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பெருவேட்டைக்கு டப்ளினிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், மதுக்கடைக்காரர் பன்றித் தொடையும் பீப்பாய்களும் சொல்லிவைத்துவிட்டார், முதல் நாளே நரி இல்லை என்றால் ஊர் மானம் போய்விடும். பால் பண்ணையில் யாரும் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியவர்களும் பேசாமல் இருந்திருக்கலாம்.

"புருஷன் இல்லாதவ நாய்க்காகச் சண்டை போடுறா" என்றான் ஒருவன், அவள் காதில் விழட்டும் என்றே.

"உன் பொண்டாட்டியக் கேளு," என்றாள் ஹனோரா பால் கேனை இறக்கியபடி. "புருஷனா நாயான்னா எதைத் தேர்ந்தெடுப்பான்னு."

வாய் இப்படி. ஆனால் வீட்டுக்கு வந்தால் ஒரே யோசனை. தான் சொன்னது தப்பாக இருந்தால்? ஆசையில் காது பொய் சொல்லியிருந்தால்? வேட்டை அவளுக்கும் உயிர்தான். பதினாறு வயது முதல் ஒரு பெருவேட்டையையும் அவள் விட்டதில்லை. கதவை அடைத்தால் தன்னையும் சேர்த்துத்தான் வெளியே வைத்து அடைக்கிறாள். அது தெரிந்தும் அவள் பிடித்த பிடியை விடவில்லை.

வெள்ளிக்கிழமை மலக்கி வந்தான். வண்டியை விட்டு இறங்காமலே கத்தினான்.

"மேஜர் ஒத்துக்கிட்டாரு! பெருவேட்டை அன்னிக்கே பாத்துடலாமாம், எல்லாருக்கும் முன்னாடி. உன் மூக்கை உடைக்கணும்னுதான். நானும் சொல்லிட்டேன் ஹனோரா, எனக்கும் சந்தேகம் இருக்குன்னு. வீட்டைக் காலி பண்ணச் சொன்னா உன் மாட்டுக்கொட்டாய்க்குத்தான் வருவோம், ஆறு பேர்."

"வாங்க. சாணி அள்ள ஆள் தேவைதான்."

நவம்பர் முதல் தேதி லேசான தூறல், காற்றில்லை, மோப்பம் தரையிலேயே நிற்கிற நாள். குறுகிய சந்து முழுக்க அறுபது குதிரைகள். சந்து முடிகிற இடத்தில் ஹனோராவின் வேலிக்கதவு. அதன் குறுக்கே சாம்பல் குதிரைமேல் அவள். கார்லண்டைத் தோல்வாரில் பிடித்துக்கொண்டு தன் குதிரைமேல் இருந்தாள் சிசிலி டெலமியர். ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் யாரிடமும் அதிகம் பேசாதவள். அன்றைக்கு முகம் வெளுத்திருந்தது. மலக்கியையும், ஜிப்ஸியும் சேர்த்துப் பதினேழரை ஜோடி, அதாவது முப்பத்தைந்து நாய்களையும் மட்டும் ஹனோரா உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

நாய்கள் முட்களுக்குள் மறைந்தன. புதர் அங்கங்கே அசைந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பின்னால் யாரோ இருமினார்கள். ஹனோரா குதிரையின் பிடரியைக் கோதினாள்.

அப்போது கேட்டது. உயரமான, தெளிவான குரல், முடிவில் அந்த விக்கல். மறுபடி. மறுபடி. மற்ற நாய்கள் ஓடிவந்து சேர்ந்துகொள்ள, குன்றே முழங்கியது. கார்லண்ட் சிசிலியின் குதிரைக்குப் பக்கத்தில் காதை நிமிர்த்தி, வாயை மூடி நின்றது.

ஹனோராவின் கன்னத்தில் ஓடியது தூறல் என்று அவள் பிறகு சாதித்தாள். எங்களில் யாரும் நம்பவில்லை.

மேஜர் தொப்பியைத் தொட்டார். "என் தப்புதான், மிஸ் குவர்க். ஜிப்ஸிதான். அது இருக்கும்." மனிதர் அதைச் சொன்னார், மறுக்க முடியாது. பிறகு அதே மூச்சில், "அப்ப ஊமை கார்லண்ட். சட்டம் எல்லா நாய்க்கும் ஒண்ணுதான், என் வீட்டு நாய்ன்னு விடமாட்டேன். சாயங்காலம் மலக்கிகிட்ட சொல்றேன். கதவத் திறங்க" என்றார்.

சிசிலி டெலமியர் தோல்வாரைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

தாழ்ப்பாள்வரை போன ஹனோராவின் கை திரும்பிவிட்டது.

"திறக்க மாட்டேன்."

"என்னது?"

"ஒண்ணக் காப்பாத்தி இன்னொண்ணக் காவு குடுக்கவா நான் அஞ்சு நாள் ஊர் பேச்சு வாங்கினேன்? குரல் வரலன்னா வேட்டைக்கு வேண்டாம். வீட்ல அடுப்புப் பக்கம் படுத்துக் கெடக்கட்டுமே. சுட மாட்டேன்னு சொல்லிட்டு உள்ள வாங்க."

"வேட்டை நாய் அடுப்படி நாய் இல்ல! அப்படி வழக்கமே கெடையாது!"

"இன்னிலேருந்து உண்டு."

அந்த நேரம் பார்த்து குன்றின் மறுபக்கம் நரி வெளியே பாய்ந்தது. மலக்கியின் கொம்பு அலறியது. நாய்கள் மொத்தமும் கிழக்கே திரும்பின, எல்லாவற்றுக்கும் முன்னால் ஜிப்ஸியின் குரல். சந்துக்குள் குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறை. "கதவு! கதவு!" என்று டப்ளின் விருந்தாளிகள் கூச்சலிட்டார்கள். "அடியே ஹனோரா, வருஷத்துக்கு ஒரு நாள்டி!" என்று மதுக்கடைக்காரர் கெஞ்சினார். சாம்பல் குதிரையே நரியின் பக்கம் திரும்பி, காலால் தரையைக் கீறியது. அதன் கழுத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஹனோரா அசையாமல் நின்றாள். குரல்கள் ஒரு வயல் தள்ளிப் போயின, இரண்டு வயல் தள்ளிப் போயின.

கூட்டத்திலிருந்து ஒரு குதிரை முன்னால் வந்தது. சிசிலி டெலமியர் யாரையும் பார்க்காமல் நேரே வந்து, குதிரையைத் திருப்பி, ஹனோராவின் முழங்காலோடு முழங்கால் உரச வேலிக்கதவின் குறுக்கே நின்றாள். கார்லண்ட் இரண்டு குதிரைகளுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது.

"சிசிலி," என்றார் மேஜர், "நகரு."

"நகர மாட்டேன், எட்கர். நாய உங்களுக்குத் தர மாட்டேன்."

பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஊரறியப் பேசிய முதல் பேச்சு அதுதான். மேஜர் மனைவியைப் பார்த்தார், ஹனோராவைப் பார்த்தார், நரி போன திசையைப் பார்த்தார். கழுத்து சிவந்தது. பிறகு வாய்க்குள்ளேயே ஏதோ முனகினார்.

ஹனோரா தாழ்ப்பாளைத் தொடவில்லை.

"சத்தமா சொல்லுங்க, மேஜர்," என்றாள். "கடைசில நிக்கிறவங்களுக்குக் கேக்கல."