மூச்சு வாங்குறதுக்குச் சிவப்பு மை

ஆடு குளிப்பாட்டுற வேலையில் ஆடும் நனையும், ஆளும் நனையும். ஆட்டுக்கு உண்ணி உதிரும், ஆளுக்கு என்ன உதிரும் என்று மட்டும் எவரும் கேட்கிறதில்லை.

ஆனைக்குட்டம் பக்கம் ஓர் ஆட்டுப் பண்ணையில் நானும் என் தம்பி பொண்டாட்டி செல்லத்தாயும் வேலை பார்க்கிறோம். முன்னே பொம்பளைக நாங்க ரெண்டு பேரும் பட்டாசு கம்பெனி வேனில் போய் வந்தவர்கள்தான். அவளுக்கு மூச்சு இளைப்பு கண்டது. வெடிமருந்துத் தூசி ஆகாது, காத்தோட்டமான வேலை வேண்டும் என்று இங்கன வந்து சேர்ந்தோம். காத்தோட்டம் இருக்கிறது. கூடவே உண்ணி மருந்தும் இருக்கிறது. சிமெண்டுத் தொட்டித் தண்ணீரில் அதை ஊற்றிக் கலக்கி, ஒவ்வொரு ஆடாகத் தூக்கி இறக்கி, கழுத்துவரை முக்கி எடுக்க வேண்டும். வெளியே விட்டதும் ஆடு ஒரு சிலுப்புச் சிலுப்பும் பாருங்கள், அம்புட்டும் நம்ம மூஞ்சியில்தான். சளியும் காய்ச்சலுமாக வேலைக்குப் போய் நின்றிருக்கிற உங்களுக்கு நான் சொல்லி விளங்க வேண்டியதில்லை.

மாட்டு டாக்டர் வந்த அன்னைக்கு

முதல் தடவை குளிப்பாட்டும்போது மாட்டு டாக்டர் வந்து ஒவ்வொரு ஆடாகப் பார்த்தார். சினை ஆடு, காய்ச்சல் ஆடு, புண்ணுள்ள ஆடு எதையும் தொட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது என்றார். "முக்கியமா, மூச்சு வாங்குற ஆட்டை ஒதுக்கிருங்க. தாங்காது" என்று ரெண்டு தரம் சொன்னார். எங்கள் முதலாளி அண்ணாச்சி ஆட்டு விஷயத்தில் கெட்டி. மச்சினன் அச்சாபீசிலிருந்து காலண்டருக்கு அடிக்கிற சிவப்பு மையை ஒரு டப்பா வாங்கி வந்தார். சீக்கு ஆட்டின் நெற்றியில் ஓர் இழுப்பு. மை பட்ட ஆடு தனிப்பட்டியில் நிழலில் நின்று தழை தின்னும்.

செல்லத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எனக்கும் மூச்சு வாங்குது சார்" என்றாள். அவர் பையை மூடிக்கொண்டே சொன்னார்: "நான் ஆட்டுக்குத்தாம்மா டாக்டர். நீ பெரியாஸ்பத்திரியில போய்க் கேளு."

பேரில்லாத மருந்து

போனோம். அங்கன இருந்த டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, என்ன மருந்தில் கை வைக்கிறாய் என்று கேட்டது. செல்லத்தாய் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அண்ணாச்சி பெரிய கேனிலிருந்து பழைய கலர் சோடா பாட்டிலில் ஊற்றித்தான் எங்கள் கையில் தருவார். அதில் ஒட்டியிருந்தது ஆரஞ்சுப் பழப் படம். இளைப்பு அடங்குகிறவரை அந்தப் பக்கமே போகாதே, மருந்துப் பேரையும் கேட்டு வா என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியது.

மறுநாள் அண்ணாச்சியிடம் பணிவாகத்தான் கேட்டேன். மனுசன் சிரித்தார்: "பேரைத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீக? பேரப்பிள்ளைக்கு வைக்கப் போறீகளா?"

துண்டு

மூக்கில் கட்ட ஏதாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு ஒரு துண்டு கிடைத்தது. கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரெண்டு ஆடு சிலுப்பினதுமே துண்டு நனைந்துவிடும். அப்புறம் அது மருந்தைத் தடுக்காது, மூக்கோடு சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். அன்றைக்கு எனக்குச் சளிக் காய்ச்சல் வேறு. வாந்தி எடுத்துவிட்டு வேலியோரம் உட்கார்ந்துவிட்டேன். பார்த்துக்கொண்டு வந்த அண்ணாச்சி வீட்டம்மா ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தது, நல்ல மனசுதான். கொடுத்துவிட்டுச் சொன்னதைத்தான் இன்னும் செரிக்க முடியவில்லை: "பட்டாசுப் புகையவே குடிச்ச உடம்புல்லா உங்களுது, இது என்ன செய்யப் போகுது?"

தனிப்பட்டி

போன மழைக்குப் பிறகு உண்ணி ஏகத்துக்கும் ஏறிப்போச்சு. குளிப்பாட்டுற அன்றைக்குக் காலையில் செல்லத்தாய் பண்ணைக்கு வரும்போதே அவள் நெஞ்சில் விசில் ஊதியது. நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்கினாள். வராமல் இருந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். "மதினி, பேசாம இருங்க. நான் சமாளிச்சுக்கிடுவேன்" என்றாள். அண்ணாச்சியிடம் சொன்னேன். "தொட்டியில கலந்தாச்சு. கலந்த மருந்தை வச்சிருக்க முடியுமா? துண்டைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்லு" என்றார். அதே வாயால், இருமின ஓர் ஆட்டைக் காட்டி, "ஏத்தா, அதுக்கு மை போட்டு ஒதுக்கு!" என்றார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். மை டப்பாவை எடுத்தேன். ஆட்டுக்கு ஓர் இழுப்பு. செல்லத்தாய் நெற்றியில் ஓர் இழுப்பு. அவள் கையைப் பிடித்துத் தனிப்பட்டிக்குள் கொண்டுபோய் ஆடுகளோடு உட்கார வைத்தேன்.

"ஏ ஆத்தா, கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"மூச்சு வாங்குறதை ஒதுக்கச் சொன்னாக. ஒதுக்கிட்டேன் அண்ணாச்சி."

காய்ச்சலோடு வேலைக்கு வந்திருந்த இன்னொருத்தியும் டப்பாவில் விரலை விட்டாள். அவளுக்குப் பின்னால் முழங்கைப் புண்ணோடு நின்றவளும் விட்டாள். அண்ணாச்சி தொட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "எல்லாரும் மை தேச்சுக்கிட்டா ஆட்டை யாரு பிடிப்பா?"

பட்டிக்குள்ளிருந்து செல்லத்தாய், மூச்சுக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னாள்: "நீங்கதான்... நல்லா... இருக்கீகளே அண்ணாச்சி... வாங்க."

வீறாப்புக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நான் ஆட்டைத் தூக்கிக் கொடுக்க, அவர் முக்கி எடுத்தார். மூணாவது ஆடு சிலுப்பினபோது கண்ணைக் கசக்கினார், இருமினார், தொட்டியை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டு எங்கள் மேலேயே பாய்ந்தார்: "இம்புட்டு நெடி அடிக்குதே, ஒருத்தியாவது எங்கிட்ட முன்னமே சொன்னீகளா?"

கையுறையும் முகமூடியும் அடுத்த குளியலுக்கு வந்துவிட்டன, செல்லத்தாய்க்குத் தழை வெட்டுற வேலையும் மாறிவிட்டது. ஆக, முதலாளி இருமினால்தான் மருந்துக்கு நெடி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.